பூட்டனைத் தேடுகிறவர் பூட்டியைக் கேட்கவேண்டும்

இலங்கைப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஒன்றை விரித்துப் பாருங்கள். பிள்ளையின் விபரம், தகப்பனின் விபரம், தாயின் விபரம் எல்லாம் முடிந்தபின் பாட்டனுக்கு ஒரு கூடு வரும். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அடுத்த கூடு பூட்டனுக்கு. தகப்பன் இலங்கையில் பிறக்காதவரானால்தான் அதை நிரப்பவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியையே எண்ணியதால் வந்த கூடுகள் இவை. தாய் வழியாகவும் குடியுரிமை இறங்கலாம் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது.

இந்தப் பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைக்குப் போய், தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியில் ஒரு பெரியவரிடம் உங்கள் பரம்பரையை விசாரித்தால் அவர் பாட்டன் பெயரைக் கேட்கமாட்டார். "தம்பி என்ன குடி?" என்பதுதான் முதல் கேள்வி. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்று எதைச் சொன்னாலும் அது தாயிடமிருந்து வந்த குடி. தாய்க்கு அவளுடைய தாயிடமிருந்து வந்தது. கோயில் மரியாதையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் அந்த வழியில்தான் இறங்குகின்றன. ஆனால் பத்திரத்தில் அம்மம்மாவுக்குக் கூடே இல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் முன்னோரைத் தேடுகிறவர்கள் பாதி வழியில் தடம் இழப்பது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். முனைக்காட்டில் பிறந்த ஒருவர் அரசடித்தீவில் கலியாணம் செய்து, அங்கேயே வயல் செய்து, அங்கேயே கண்மூடியிருப்பார். அவருடைய பிறப்பைத் தேடவேண்டிய இடம் அவர் தாயின் ஊர், இறப்பைத் தேடவேண்டிய இடம் மனைவியின் ஊர். "எங்கட பூட்டன் இந்த ஊர் ஆள்தான்" என்ற குடும்பக் கதையை நம்பி ஒரே பதிவாளர் பிரிவில் நின்று தேடினால் ஒன்றும் அகப்படாது. வீட்டில் இருக்கிற வயதான பெண்களிடம் முதலில் போங்கள். பெத்தாச்சிக்குத் தன் புருசன் பிறந்த ஆண்டு தெரியாமல் இருக்கலாம்; தன் தாய் எந்த வளவில் பிறந்தவள், எந்தப் புயலுக்கு முன் கலியாணம், எந்த வட்டையில் எத்தனை அவணம் விதைப்பு சீதனமாக வந்தது என்பது தெரியும். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார். புயலைக் கேட்டால் சரியாகச் சொல்வார். இங்கே பெரிய புயல் அடித்தது 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு.

(இடையில் ஒரு சொல். 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிகளைப் பற்றி அறிய அருமையான நூல். ஆனால் அதில் வரும் உலகநாச்சியிலிருந்து தன் அம்மம்மா வரை நேராகக் கோடு இழுக்கிறவர்களுக்கு நீதிமன்றத்திலும் மதிப்பில்லை, வரலாற்றிலும் மதிப்பில்லை.)

இனிக் கடதாசி. இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகம் பொதுவாகப் பதியத் தொடங்கியது 1860களின் பிற்பகுதியில். பிறப்பு, இறப்புக்கு நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். 1960க்குப் பிந்தியவை பெரும்பாலும் கணினியில் ஏறிவிட்டதால், கொக்கட்டிச்சோலையில் உள்ள மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம். அதற்கு முந்தியது என்றால் இடாப்பைப் புரட்டித் தேடவேண்டும். அங்கே இல்லாதது கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய காப்பகத்தில் இருக்கக்கூடும். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு, ஆண்டுக் கணக்கில் தேடச் சொன்னால் கூடும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். தேடிய ஆண்டுகளைக் குறித்து, பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பிந்திய பிறப்புப் பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் அந்த எழுத்துத்தான் அத்திவாரம்.

பெயரில் ஏமாறவேண்டாம். பழைய இடாப்புகளில் ஆங்கிலத்தில் எழுதியவை பல. வேலாப்போடி என்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் வேலப்போடி, ஓரிடத்தில் வேலாயுதம், இன்னோரிடத்தில் தகப்பன் பெயர் முன்னால் வந்து இவர் பெயர் பின்னால் போயிருக்கும். பெயர் ஒத்துப்போவதால் மட்டும் ஆள் அவர்தான் என்று ஆகாது. மனைவி பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தவேண்டும்.

பிறப்புப் பதிவு இல்லாத ஆளைக்கூட அநேகமாகக் காட்டிக்கொடுப்பது காணி உறுதிதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். அதனால் நூறு வருடத்துக்கு முந்திய சாதாரண கமக்காரனுக்கும் ஒரு சீதன உறுதி இருக்க வாய்ப்புண்டு. பழைய சீதன உறுதி ஒன்றை வரிவரியாகப் படியுங்கள். கொடுப்பவர் யார், அவர் மனைவி யார், மகள் யார், மருமகன் எந்த ஊர், இந்தக் காணி கொடுப்பவருக்கு எந்த இலக்க உறுதியால் வந்தது, அதை எழுதிய நொத்தாரிசு யார், எல்லாம் அதில் இருக்கும். நாலு எல்லையும் இருக்கும்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னாரின் வயல், வடக்கே கொடுப்பவரின் தங்கைக்குக் கொடுத்த பங்கு. அந்த வடக்கு எல்லையில் யாருக்கும் தெரியாத ஒரு தங்கை எழுந்து நிற்பார். இந்த உறுதியில் குறித்த முந்திய உறுதியைப் பிடித்தால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம்.

வீட்டில் இருந்த உறுதி புயலில் போயிற்று, இடம்பெயர்ந்தபோது போயிற்று என்பது படுவான்கரையில் வீட்டுக்கு வீடு கேட்கும் கதை. 2007இல் போரினால் ஊர்களாகவே எழும்பிப் போனவர்கள் பெட்டியையா தூக்கிக்கொண்டு போனார்கள்? ஆனால் நொத்தாரிசு ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் காணியின் பெயர், வட்டையின் பெயர், உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் இவற்றில் ஒன்றிரண்டு சொல்லக்கூடியவருக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கிடைக்க வழியுண்டு.

உறுதி கையில் வந்தவுடன் ஆசை வரும்: "அப்படியென்றால் அந்த வயலில் எனக்கும் பங்கு இருக்கிறதா?" இங்கே நிதானம் வேண்டும். மட்டக்களப்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை பொருந்தாது. முன்பு இங்கே முக்குவர் சட்டம் இருந்தது. அதன்படி முதுசொம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 1877 ஜூன் 29இல் நடைமுறைக்கு வந்தபின் அது போயிற்று. குடி தாய்வழியில் தொடர்ந்தது, சொத்து பொதுச் சட்டத்துக்குள் வந்தது. மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மீதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே ஒரு முன்னோர் எந்த ஆண்டில் மணமுடித்தார், எந்த ஆண்டில் இறந்தார் என்பது வரலாற்றுக் கேள்வி மட்டுமல்ல, வாரிசு யார் என்ற கேள்வியும்கூட.

"தம்பி வெளிநாட்டில், நான்தான் முப்பது வருடமாய் விதைக்கிறேன், காணி எனக்குத்தான்" என்று ஊரில் இருப்பவர் நினைப்பதும் சரியல்ல. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி பத்து ஆண்டு தடையற்ற, எதிரான ஆட்சி உரிமை தரும். ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவர் ஆள்வது எல்லோருக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்று 1911இல் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் சொல்லிவிட்டது. மற்றவர்களின் பங்கை வெளிப்படையாக மறுத்ததைக் காட்டவேண்டும். மறுபக்கம், போரினால் தன் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவரின் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்கவேண்டும். அந்தக் காலம் முடிந்தது தெரியாமலே இன்னும் பலர் இருக்கிறார்கள். சட்டம் வந்தது ஊருக்குத் தெரியவந்தபோது தவணை போய்விட்டது என்பது நம் ஊர்களுக்குப் பழகிப்போன அநியாயம்.

பெர்மிட் காணி வேறு கணக்கு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியில் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்திருந்தால் அவருக்கே போகும். குறிக்காவிட்டால் மூத்த ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய அட்டவணை தாய்வழிச் சீதன ஊர்களில் எத்தனையோ வீடுகளைப் பிரித்திருக்கிறது. 2022இல்தான் அந்தப் பாகுபாட்டை நீக்கத் திருத்தம் வந்தது.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர் இன்னொரு கதவையும் தட்டவேண்டி வரும். 1987 ஜனவரி 28இல் இறால் பண்ணையில் நடந்த கொலைகள்; 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவையும் அண்டிய ஊர்களையும் அழித்த கொலைகள். இரண்டாவதை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. அது 67 பேர் என்றது; ஊர் சொல்லும் எண்ணிக்கை 150க்கு மேல். இடைவெளியில் இருப்பவர்களின் பெயர்கள் வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் அப்படி இருந்தால், மரண அத்தாட்சிப் பத்திரத்தில் காரணமும் இடமும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அச்சத்தில் அன்று பிழையாக எழுதவிட்டதை இன்று திருத்தக் கேட்கலாம். உடல் கிடைக்காதவருக்கும் காணாமற்போனவருக்கும் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் 2016இன் திருத்தமும் உண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடங்கொடாதவர் அதற்குப் பதில் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைக் கேட்கலாம். தேடும் உரிமை அதனால் முடிந்துவிடாது. காலவரையறை வைத்து நீட்டப்பட்டுவந்த ஏற்பாடு என்பதால், விண்ணப்பிக்கும்போது நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் கிளை இருக்கிறது.

சேகரித்த கடதாசியே ஆபத்தாவதும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூட்டனின் உறுதியைப் படமெடுத்துப் போடுகிறோம். அதில் உறுதி இலக்கமும் எல்லையும் தெளிவாகத் தெரிகிறது. உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசுகள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள் என்பது கீழே உள்ள இரங்கல் செய்திகளில் தெரிகிறது. கள்ள உறுதி எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அற்றோர்னித் தத்துவம் கொடுக்கும்போது ஒரு காணிக்கு, ஒரு காரியத்துக்கு, ஒரு காலத்துக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். கொடுத்தவர் இறந்தால் அது அன்றே செத்துப்போகும்; இறப்பை மறைத்து அதை வைத்து யாராவது விற்றிருந்தால் இறப்புத் திகதியே உங்கள் சாட்சி. பரம்பரை விளக்கப்படம் கீறித் தருகிறேன் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவருக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். அடையாள அட்டையின் பிரதியையும் அப்படிக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பினால் தெரியவருவது தூரத்து உறவு; குடி தெரியவராது. கொடுக்கும் தகவலோ உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் சகோதரங்களுடையதும்.

காணியில் உங்களுக்கு உரித்து இருப்பதைக் காட்டக்கூடியதாயிருந்தால் காணிப் பதிவகத்தில் கேவியட் பதியுங்கள். கேவியட் செல்லுபடியாகும் காலத்துக்குள் யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். வருடத்தில் ஒரு தடவை பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி ஊரில் நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள். கள்ள உறுதி பதிந்து பத்து வருடம் போனபின் கண்டுபிடிப்பதும் கண்டுபிடிக்காமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. பிரதேச செயலகம் பதில் தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. பிறர் ஒருவரின் தனிப்பட்ட விபரத்தைத் தரமறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமுண்டு, ஆகவே உறவைக் காட்டும் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி திருப்பி எழுதலாம். வழக்குப் போட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகலாம். போகும்போது மூலப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். போட்டோப் பிரதியை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.