அணைந்து எரியும் எஞ்சின் விளக்கு

"நேற்று எரிந்த எஞ்சின் விளக்கு இன்று அணைந்துவிட்டது, பழுது தீர்ந்ததா?" என்று அம்பூரி அன்பர்கள் கேட்கிறார்கள். அப்படி நம்பிவிட வேண்டாம்.

அமெரிக்காவில் 1996-லும் இந்தியாவில் 2013-லும் கட்டாயமான ஓ.பி.டி.-2 முறைப்படி, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் கணினியே விளக்கை அணைத்துவிடும். ஆனால் பழுதின் குறியீடும், அப்போதிருந்த வேகமும் வெப்பமும் நினைவகத்தில் இருக்கும். ஸ்கேனரில் படிக்குமுன் பேட்டரியைக் கழற்றினால் தடயம் அழிந்துபோகலாம்.

ரயில்வேயில் நான் கற்றது இது: வந்து போகும் பழுதுக்கு, அது எப்போது வருகிறது என்று குறித்து வைப்பதே பாதி வைத்தியம். மழையிலா, மேடேறும்போதா, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா?

உதாரணமாக, பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. சிலிண்டருக்கொரு இக்னிஷன் காயில் உள்ள வண்டியானால், முதல் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு பி0302 ஆனால் காயிலில்தான் கோளாறு. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், ஒயரிங் என்று தேட வேண்டும். சோதிக்காமல் பாகம் மாற்றினால் பணம்தான் வீண்.

விளக்கு மினுக்மினுக்கென்றால் தாமதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல், விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, பாதுகாப்பாக நிறுத்தி எஞ்சினை உடனே அணையுங்கள்.