துரப்பண மேடைகள் முடங்கிய காலம்

கச்சா எண்ணெய் விலை சரிந்தால் தில்லியில் நிம்மதிப் பெருமூச்சு எழுகிறது. தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது இயல்பே. ஆனால், நிலத்துக்கும் கடலுக்கும் அடியிலிருந்து எண்ணெயை வெளிக்கொணரும் சேவைத் தொழிலுக்கு அதே செய்தி பேரிடியாகிறது.

எண்ணெய் வயல் யாருடையதாயினும், கிணறு தோண்டுவது, குழாய் இறக்குவது, பாறை அடுக்குகளை ஆராய்வது ஆகிய பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் வசமே உள்ளன. துரப்பண மேடைகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. விலை இறங்கியதும் எண்ணெய் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது புதிய கிணறுகளுக்கான ஒதுக்கீட்டைத்தான். வாடகை நின்றாலும், மேடை வாங்கிய கடனுக்கான வட்டி நிற்பதில்லை.

2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரை எட்டிய பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2015-இன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் ஷ்லம்பர்ஜே நிறுவனம் 20 ஆயிரம் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அபான் ஆஃப்ஷோர், எண்ணெய்த் தொழில் செழித்திருந்த 2006-07-இல் பெருங்கடன் பெற்று நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. சரிவு வந்தபோது அந்தக் கடனை அடைக்க இயலாமல் தவித்தது.

எனினும், சரிவு ஒரு வாய்ப்பும்கூட. வாடகை மலிவாக இருக்கும்போது அதிகக் கிணறுகளைத் தோண்டலாம். பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 2016-17-இல் 501 கிணறுகளைத் தோண்டியது. அந்த முனைப்புக்கு அரசு தோள்கொடுத்ததா?

2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. விலைச்சரிவின் பலனில் பெரும்பங்கு கருவூலத்துக்குச் சென்றது. அதோடு நிற்கவில்லை. 2018 ஜனவரியில், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசுக்கு இருந்த பங்குகளை ஓ.என்.ஜி.சி. ரூ.36,915 கோடிக்கு, கடனும் வாங்கி, வாங்கியது. அரசின் பங்கு விற்பனை இலக்கு நிறைவேற அது உதவியது. புதிதாக ஒரு பீப்பாய் எண்ணெய்கூட அதனால் கிடைக்கவில்லை.

இறக்குமதிச் சார்பை 2022-க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று 2015 மார்ச்சில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அப்போது சுமார் 77 சதவீதமாக இருந்த சார்பு, 2023-24-இல் ஏறத்தாழ 88 சதவீதமானது. 2011-12-இல் 3.8 கோடி டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி 2.9 கோடி டன்னாகச் சுருங்கியது. வயல்கள் முதிர்ந்தது முக்கியக் காரணம். தேவை பெருகியதும் உண்மை. முதிர்ந்த வயல்களுக்கு மாற்று தேட வேண்டிய காலத்தில், தேடுவோரின் கையிருப்பைக் கரைத்தது யார் என்ற கேள்விக்கு அரசுதான் பதில் கூற வேண்டும்.