தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நாணயச் சேகரிப்பு

நாணயச் சேகரிப்பு, 1960-களின் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் கதைப்பொருளாக வந்த பொழுதுபோக்குகளுள் ஒன்று. இத்தகைய கதைகளின் அடிப்படை, ஒரே காசுக்கு இரண்டு விலை இருப்பதுதான். கடைக்காரருக்கு அது ஒரு சென்ட். சேகரிப்பவருக்கு அதுவே பல டாலர் பெறும். பார்வைக்குச் சாதாரணக் காசு போலவே இருப்பதால், விவரம் அறியாத ஒருவர் அதைச் செலவழித்துவிடலாம். அரிய ஓவியம் ஒன்றைக் கொடுத்து யாரும் மிட்டாய் வாங்குவதில்லை. அரிய காசுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

'டென்னிஸ் த மெனஸ்' (1959–1963) தொடரில் பக்கத்து வீட்டுப் பெரியவரான வில்சன் நாணயம் சேகரிப்பவர். ஜோசப் கியர்ன்ஸ் அவ்வேடத்தில் நடித்தார். அரிய நாணயத்தைத் தலைப்பிலேயே கொண்ட பகுதியும் இத்தொடரில் உண்டு. அமைதியாக உட்கார்ந்து காசுகளைப் பார்க்க விரும்பும் முதியவர், எதையும் தொட்டுப் பார்க்கும் சிறுவன் என்ற இணைக்கு இப்பொழுதுபோக்கு நன்கு பொருந்தியது. 1993-இல் வெளிவந்த திரைப்படத்திலும் வில்சனின் தங்க நாணயங்கள் திருடுபோவது கதையின் முக்கியத் திருப்பமாகும்.

'தி லூசி ஷோ' தொடரில் 1964-இல் ஒளிபரப்பான நாணயச் சேகரிப்புப் பகுதி இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு. லூசில் பாலும் விவியன் வான்சும் குவியல் குவியலாக ஒரு சென்ட் காசுகளைக் கொட்டித் தேடுகின்றனர். கடைசியில் கிடைத்த மதிப்புள்ள காசு, சாலையோர வடிகாலுக்குள் விழுந்துவிடுகிறது. இன்று பார்ப்பவருக்கு இது வெறும் கற்பனைக் கூத்தாகத் தோன்றலாம். ஆனால் காசுக் குவியலைக் கிளறும் காட்சி மிகையன்று. வங்கியிலிருந்து காகிதத்தில் சுற்றிய காசுகளை வாங்கி, ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் பார்த்துவிட்டு மீதியைத் திருப்பிக் கட்டுவது அக்காலத்தில் பல அமெரிக்க வீடுகளில் நடந்ததே. எழுத்துகளும் ஆண்டும் இரட்டையாகப் பதிந்த 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசுகள் சில்லறையோடு சில்லறையாகப் புழக்கத்துக்கு வந்திருந்ததால், அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. டென்வர் நாணயச்சாலை 1950-இல் வெளியிட்ட ஐந்து சென்ட் காசுகள் ஏறத்தாழ 26 இலட்சம் மட்டுமே. அவற்றில் நாற்பது கொண்ட சுருளின் முகமதிப்பு 2 டாலர்; 1960-களின் முற்பகுதியில் அது நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறியது.

இந்த மோகம் அரசின் கோபத்துக்கும் ஆளானது. 1964-இல் அமெரிக்காவில் கடும் சில்லறைத் தட்டுப்பாடு நிலவியது. நாணயச்சாலை இயக்குநர் ஈவா ஆடம்ஸ் சேகரிப்பவர்கள் மீது பழி சுமத்தினார். அது முழு உண்மையன்று. வெள்ளியின் விலை ஏறியதும், வெள்ளிக் காசுகளைப் பலர் பதுக்கியதும், தானியங்கி விற்பனை எந்திரங்கள் பெருகியதும் பெரிய காரணங்கள். ஆயினும் 1965-இல் அச்சான காசுகள் பலவற்றில்கூட 1964 என்றே ஆண்டு பொறிக்கப்பட்டது. 1965 முதல் 1967 வரை ஆண்டிட்ட காசுகளில் நாணயச்சாலைக் குறியே இல்லை. சேகரிப்பவரின் ஆர்வத்தைத் தணிப்பதே இதன் நோக்கம். லூசி தேடிய காலம் இந்த நெருக்கடியின் நடுப்பகுதி என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நகைச்சுவைக்குச் சற்றுக் கூர்மை கூடுகிறது.

இதே முடிச்சு நகைச்சுவைக்கு வெளியேயும் பயன்பட்டது. 'ஹவாய் ஃபைவ்-ஓ' என்ற காவல்துறைத் தொடரின் 1973-ஆம் ஆண்டுப் பகுதியொன்றில், திருடப்பட்ட 1913-ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயம் செய்தித்தாள் விற்கும் பெட்டிக்குள் போடப்படுகிறது. அவ்வகையில் உலகில் ஐந்து நாணயங்களே உள்ளன. படப்பிடிப்பில் காட்டப்பட்டது அவற்றுள் ஒன்று; முன்பு எகிப்து மன்னர் பாரூக்கிடம் இருந்தது.

நாணயத்தின் விலை அதன் தேய்மானத்தையும் பொறுத்தது என்பதை இத்தகைய கதைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பளபளப்பாகத் தேய்த்துக் கழுவிய பழங்காசு, அழுக்கோடு இருப்பதைவிடக் குறைந்த விலைக்கே போகும். வடிகாலிலிருந்து லூசியின் காசு மீண்டிருந்தாலும், அதைத் தேய்த்துக் கழுவியிருந்தால் பழைய விலை கிடைத்திருக்காது.