தாத்தாவின் த்ரீ நாட் த்ரீ யாருக்குச் சொந்தம்?

பழைய பட்டாளத்துக்காரர் வீடுகளிலும் ஜமீன் வீடுகளிலும் பரணிலோ மர பீரோவிலோ ஒரு ரைபிள் இன்னும் இருக்கக்கூடும். உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமானதும் அது சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாத ஆயுதமாகிவிடுகிறது. உயிலில் உங்கள் பெயருக்கு எழுதிவைத்திருந்தாலும், உங்கள் பெயரில் உரிமம் கிடைக்கும்வரை அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது என்பதுதான் என் கவலை.

துப்பாக்கியைப் பற்றி முதலில் அறிய வேண்டியது அதன் தோட்டா அளவு. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் சுமந்தது லீ என்ஃபீல்டு .303. மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர் ஆலை அதை லட்சக்கணக்கில் செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது. பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் ஒரு மகுடம், ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். டி.பி. என்ற முத்திரை இருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது, சுட்டால் ஆபத்து.

ராணுவத் தோட்டாவை ஏற்பதால் .303 தடைசெய்யப்பட்ட ரகம். அதே சாயலில் பொதுமக்களுக்கென இஷாப்பூரில் செய்த .315 ரைபிள் அப்படியல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், பழைய உரிமப் புத்தகத்தில் உள்ள அளவையும் எண்ணையும் நம்புங்கள். .315 என்றால் மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ முடிவெடுப்பார். .303 என்றால் மத்திய உள்துறை அமைச்சகம். தண்டனையும் வேறு: உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு, தடைசெய்யப்பட்ட ரகமானால் 7 முதல் 14 ஆண்டு சிறை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் கூட்டிய தண்டனை இது.

பயந்துபோய்க் கிணற்றில் போடுவதும், தெரிந்தவருக்குக் கைமாற்றுவதும் குற்றத்தைப் பெருக்கும். சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21-ன்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிடலாம். உள்ளே தோட்டா இருக்கலாம். விசையைத் தொடாமல், நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எழுதிய ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கி நிலையத்திலேயே இருக்கும்போது உரிமதாரர் இறந்திருந்தால், அந்தப் பழைய ரசீதைத் தேடி எடுங்கள்.

ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமமுள்ளவருக்கு விற்றுப் பணம் பெறலாம். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் குறித்த கெடுவுக்குள் உரிமம் பெறவோ விற்கவோ இல்லையென்றால், அரசு பறிமுதல் செய்ய முடியும். அதற்கு முன் நோட்டீஸ் தந்து 30 நாள் அவகாசம் கொடுப்பார்கள். அந்த நோட்டீஸை அலட்சியம் செய்தவர்கள் இழந்தது தாத்தாவின் துப்பாக்கியை.

உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதி மறைக்கத் தேவையில்லாதவரை அதைத் தர வேண்டியது அதிகாரியின் கடமை. ஆட்சியரின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு உண்டு. அரசே பிறப்பித்த உத்தரவுக்கு அந்த வழி இல்லை, உயர் நீதிமன்றம்தான்.

இத்தனை அலைச்சலையும் குறைக்க, உரிமதாரர் உயிரோடிருக்கும்போதே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகள் இடமளிக்கின்றன. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து உரிமப் புத்தகத்தைப் பாருங்கள்.