வெளிநாட்டுப் பெட்டியில் கசகசா

ஜவுளி வியாபாரம், கிரானைட், ஓசூர் கம்பெனி வேலை என்று கையில் நாலு காசு சேர்ந்த கிருஷ்ணகிரி மாவட்டப் பர்கூர்க் குடும்பங்கள் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய் என்று கிளம்பத் தொடங்கிவிட்டன. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசாவைத் தளர்த்திய பிறகு ஆசை இன்னும் கிட்டே வந்துவிட்டது. விமானம் ஏறுவது பெரும்பாலும் பெங்களூரில். பணம் கட்டுவதும் பல நேரம் அங்கிருக்கும் ஏஜென்ட்டிடம். அந்தப் பணத்துக்கு உள்ள உரிமையைப் பிறகு பார்ப்போம். முதலில் பெட்டி.

ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் போதும். "எம் பையன் அங்கதான் இருக்கறான், இத மட்டும் குடுத்துருங்கண்ணா" என்று தெருவில் யாராவது ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. சொல்லித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டப்படி, பெட்டி உங்கள் கையில் இருந்தால் உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே அனுமானிப்பார்கள். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை வரை போகும்.

பொட்டலத்தில் தப்பான பொருள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குருமாவுக்கு அரைக்கிற கசகசா அபினிச் செடியின் விதை. அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் முன் அனுமதி வேண்டும். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் தடையே உண்டு. பாட்டியின் மூட்டுவலிக்கு எழுதிக் கொடுத்த டிராமடால், கோடீன் கலந்த இருமல் சிரப் ஆகியவற்றுக்கு அமீரக அரசின் அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்க வேண்டும். மருந்துச் சீட்டையும் கடை பில்லையும் மருந்தோடு வையுங்கள்.

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. இருந்தாலும் அது கர்நாடகத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. மெல்லும் புகையிலையைச் சட்டைப் பையிலேயே வைத்துப் பழகியவர் அப்படியே சிங்கப்பூரில் இறங்கினால் அது தடை செய்த பொருள். சிகரெட்டுக்கும் அங்கே வரி விலக்கு கிடையாது. ஒரே பாக்கெட் என்றாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.

ஊர் திரும்பியதும் "அங்க எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஒழுங்கு" என்று வியப்போம். அந்த ஒழுங்குக்குப் பின்னால் அபராதச் சீட்டு நிற்கிறது. சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் 500 டாலர் வரை போகலாம். மலேசியாவில் 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கக் கூடாது. துபாய் மாலில் பக்கத்துக் குடும்பத்தின் குழந்தை அழகாக இருக்கிறது என்று கேட்காமல் படம் எடுப்பது நம்மூர்ப் பாசம். அனுமதியின்றி எடுப்பது அங்கே சைபர் குற்றம், அபராதமே குறைந்தது 1.5 லட்சம் திர்ஹாம். தாய்லாந்தில் அரச குடும்பத்தைப் பற்றிய கேலி 3 முதல் 15 ஆண்டு சிறை வரை இழுத்துவிடும். ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்.

அப்புறம் நகை. கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் திரும்பும்போது, இது அங்கே வாங்கியதல்ல என்று வாதாட வேண்டியிருக்கும். தங்க நகைக்கான வரிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இல்லை. 2023 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடியையே பறிமுதல் செய்தார்கள். திருப்பித் தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2025 ஆகிவிட்டது. சான்று வாங்க ஆகும் நேரம் அதைவிடக் குறைவு.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள். யாரையாவது கைது செய்தால், தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்பது 1963 வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை. புரியாத மொழியில் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டி உடைந்து வந்தால் விமான நிறுவனத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் பிரஷரையும் மறைத்தால், ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் விழும். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றின் வருகை அட்டையும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் போலி அல்லது தரகு.

இனி ஏஜென்ட். நாலு நட்சத்திர ஓட்டல் என்று சொல்லி லாட்ஜில் போடுவது, பட்டியலில் இருந்த இடங்களை விட்டுவிடுவது, கடைசி நேரத்தில் கூடுதல் பணம் கேட்பது எல்லாமே சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பர்கூர்க்காரருக்கு அது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். வழக்கு இல்லாமலே தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஆனால் ஆணையம் கேட்பது ஆதாரம். பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு விசிட்டிங் கார்டோடு வந்தவரிடம் காட்ட எதுவும் இருக்காது. வங்கி வழியாகக் கட்டுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீதும், ஓட்டல் பெயரோடு நாள்வாரித் திட்டமும், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்ற வரியும் எழுத்தில் இருக்கட்டும். பேக்கேஜில் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும் முன்கூட்டிய வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ஈடுகட்டலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம்.