அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கலாமா?

செப்டம்பர் மாதம் நெருங்கும்போதெல்லாம் உறவினர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'புது மாடல் வரப்போகிறதாமே, இப்போதே வாங்கிவிடலாமா, இல்லை சற்றுப் பொறுக்கலாமா?' மின்னணுவியல் கற்பித்தவனுக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. கேட்பவர்களில் பெரும்பாலோர் மாதத் தவணையில் வாங்கப் போகிறவர்கள். சிலருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். வங்கிக் கணக்கு, பணப் பரிமாற்றம், ஆதார் கடவெண், பிள்ளைகளின் பள்ளிச் செய்தி என்று குடும்பத்தின் பாதி நிர்வாகம் அந்தக் கருவிக்குள் போய்விட்ட நிலையில், இதை வெறும் மோகம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

அறிதிறன்பேசி உலகுக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் சாம்சங்கின் 'எஸ்' வரிசை வரும். கோடையின் முடிவில் அதன் மடிப்புப் பேசிகள். அண்மை ஆண்டுகளில் கூகுளின் பிக்சல் ஆகஸ்டுக்கு முன்னேறிவிட்டது. செப்டம்பர் ஆப்பிளுக்கு உரியது. அதற்குப் பின் குவால்காமின் புதிய சிப் அறிவிக்கப்பட, சீன நிறுவனங்கள் அதைப் பொருத்திய கருவிகளை வரிசையாக இறக்கும். நடுவே நம் நாட்டு இணைய வணிகத் தளங்களின் பண்டிகைக் காலத் தள்ளுபடி. இந்தப் பஞ்சாங்கத்தில் 'இன்றே வாங்க உகந்த நாள்' என்று ஒன்றுகூடக் கிடையாது. எந்த நாளில் நின்று பார்த்தாலும் மூன்று மாதத் தொலைவில் ஏதோ ஒன்று வரவிருக்கும்.

வருவதற்கு முன்பே அதைப் பற்றிய செய்தியும் வந்துவிடும். 2010-ஆம் ஆண்டில், வெளிவராத ஐபோன் 4-இன் மாதிரி ஒன்று கலிபோர்னியாவின் மதுக்கூடம் ஒன்றில் தவறவிடப்பட்டு, ஒரு செய்தித் தளத்தின் கைக்குப் போனது. அன்று அது காவல்துறை விசாரணை வரை சென்ற பெரும் பரபரப்பு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அக்டோபரில் வரவிருந்த பிக்சல் 4-இன் படத்தைக் கூகுளே வெளியிட்டது. ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததை மறைப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று அந்நிறுவனம் எண்ணியிருக்க வேண்டும். இன்று கைப்பேசி உறை தயாரிப்போரின் அளவு வரைபடங்களிலிருந்தும், அரசுச் சான்றளிப்பு அமைப்புகளின் பட்டியல்களிலிருந்தும் பாதி விவரங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. கசிவுகளை எல்லாம் சதி என்று சொல்வதற்கில்லை. ஆனால், அவற்றால் எதிர்பார்ப்பு வளர்வதை எந்த நிறுவனமும் வெறுப்பதாகத் தெரியவில்லை.

எதிர்பார்ப்பு இருமுனைக் கத்தி. வணிக உலகில் அதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்று பெயர். பெயருக்குரியவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். 'தி மவுண்டன் பாத்' இதழின் நிறுவன ஆசிரியர். ஆடமின் இளமைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1981-இல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். விலை 1,795 டாலர். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையின் அளவு 5 அங்குலம். இன்றைய கைப்பேசித் திரையைவிடச் சிறிய திரை கொண்ட அந்தப் பெட்டிதான் வணிகரீதியாக வெற்றி பெற்ற முதல் கையடக்கக் கணினி என்று சொல்லப்படுகிறது. தூக்கிச் செல்லத் தோள்வலிமை வேண்டும் என்பது வேறு விஷயம்.

1983-இல் அடுத்த மாடலைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசத் தொடங்கினார். 'இதைவிடச் சிறந்தது வருகிறது என்றால் இதை ஏன் வாங்க வேண்டும்?' என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். முகவர்கள் கொள்முதலை நிறுத்தினார்கள். புதியது வந்து சேருமுன் பழையது விற்காமல் தேங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. போட்டியாளர்களின் மலிவான கணினிகளும் நிர்வாகக் குளறுபடிகளும்தான் உண்மையான காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. ஆடம் ஆஸ்போர்ன் தம் இறுதிக் காலத்தைத் தமிழ்நாட்டில் கழித்து, 2003-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

இன்றைய நிறுவனங்கள் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டன. புதியது வரும் நாளிலேயே பழையதன் விலையைக் குறைத்துவிடுவதுதான் அந்த மருந்து. இதன் செயல்முறையை ஐபோனைக் கொண்டு விளக்கலாம்; ஏனெனில் அதன் இந்திய விலை சில ஆண்டுகள் ஆணி அடித்தாற்போல் நின்றது. 2021-இல் ஐபோன் 13, 2022-இல் 14, 2023-இல் 15, 2024-இல் 16 ஆகிய நான்கும் இங்கே ரூ.79,900 என்ற அதே தொடக்க விலையில் அறிமுகமாயின. 14, 15, 16 ஒவ்வொன்று வரும்போதும் முந்தையது ரூ.69,900-க்கு இறங்கியது.

விலை ஒன்றாக இருந்தாலும் மாற்றம் ஒரே அளவில் இல்லை. 13-க்கும் 14-க்கும் ஒரே ஏ15 சிப்தான், வரைகலைப் பகுதியில் சிறு கூடுதல் தவிர. இரண்டிலும் 6.1 அங்குலத் திரை, இரண்டிலும் 12 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா. விபத்தைக் கண்டறியும் வசதி, குறைந்த வெளிச்சத்தில் சற்றுத் தெளிவான படம் போன்றவையே புதியவை. 14-க்காக ஓராண்டு காத்திருந்தவருக்குக் கிடைத்தது குறைவு. 15-க்காகக் காத்திருந்தவருக்கோ 48 மெகாபிக்சல் கேமராவும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுஎஸ்பி-சி மின்னேற்று வசதியும் கிடைத்தன. பின்னதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கே நன்றி சொல்ல வேண்டும். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் வசதியோ, இருபதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு பேசிகளில் பல ஆண்டுகளாக இருந்தும், 2025-இல் 17 வந்தபோதுதான் ஐபோனின் அடிப்படை மாடலை எட்டியது. அப்போது தொடக்க விலையும் ரூ.82,900 ஆனது, ஆனால் சேமிப்பகம் இரு மடங்கானது. ஆக, 'புதியது' என்ற ஒரே சொல்லை ஆண்டுதோறும் கேட்டாலும், அதன் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

அப்படியானால் விலை குறைந்த பழைய மாடலை வாங்குவதே புத்திசாலித்தனம் அல்லவா? இங்குதான் பலர் கவனிக்காத ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கைப்பேசிக்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கு ஆயுள் உண்டு. அந்த ஆயுள் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. எஸ்24-ஐ 2026-இன் தொடக்கத்தில் தள்ளுபடியில் வாங்குபவருக்கு மிஞ்சுவது ஐந்தாண்டுதான். நான்கு ஆண்டு மட்டுமே உறுதியளிக்கப்பட்ட ஒரு நடுத்தர விலைப் பேசியை இரண்டாண்டு கழித்து வாங்கினால் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கும்.

ஐபோனுக்கே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2024-ஆம் ஆண்டின் இயங்குதளம் வரை பெற்று, 2025-இல்தான் வரிசையிலிருந்து நீங்கியது. எனவே ஏழாண்டு என்று கொள்வோம். ரூ.79,900-ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.11,400. ஓராண்டு பொறுத்து அதே மாடலை ரூ.69,900-க்கு வாங்கினால் மிஞ்சும் ஆறாண்டுக்கு ஆண்டுக்கு ரூ.11,650. பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடி என்பது ஏறக்குறைய இழந்த ஓராண்டின் விலைதான்! கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. விதிவிலக்கும் உண்டு. 13-உம் 14-உம் போல இரு மாடல்களுக்கும் ஒரே சிப் என்றால், இரண்டுக்குமான ஆதரவு ஏறக்குறைய ஒன்றாகவே முடியக்கூடும் என்பது என் கணிப்பு. அங்கே பழையதுதான் உண்மையான மலிவு.

ஒப்பீட்டுப் பட்டியல்கள் இந்தக் கடிகாரத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அவை எண்களை அடுக்குகின்றன. பெரிய எண் வென்றதாகத் தோன்றுகிறது. மெகாபிக்சலை எடுத்துக்கொள்வோம். 2020-இல் வந்த கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் கேமரா 108 மெகாபிக்சல். ஆனால் வழக்கமான படத்தில் அது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தையே தரும். காரணம் எளியது: ஒளியை உணரும் புள்ளி சிறுத்தால் அது வாங்கும் ஒளியும் குறையும், மாலை வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எனவே உணரியின் பரப்பும், பின்னணியில் இயங்கும் மென்பொருளும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. மின்கலத்துக்கும் இதே கதைதான். ஐபோன் 13-இல் இருப்பது சுமார் 3,200 மில்லி ஆம்பியர் மணி. பல ஆண்ட்ராய்டு பேசிகளில் 5,000. எண்ணைப் பார்த்தால் பாதிக்கு மேல் வித்தியாசம். பயன்பாட்டிலோ இரண்டும் ஒரு நாளைக் கடத்திவிடும். சிப் எவ்வளவு சிக்கனமாக மின்சாரத்தைச் செலவிடுகிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகளின் மதிப்பெண்களையும் நான் எச்சரிக்கையுடனேயே பார்ப்பேன். 2022 மார்ச்சில், கேலக்ஸி எஸ்22 உள்ளிட்ட சில சாம்சங் மாடல்களின் மதிப்பெண்களைக் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதற்காக விளையாட்டுகளின் வேகத்தை மட்டுப்படுத்திய மென்பொருள், சோதனைச் செயலியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டது என்பதே காரணம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வகுப்பறை ஒழுங்காக இருப்பது போன்ற விஷயம் இது.

முதல் நாளிலேயே வாங்குவோருக்கு ஒரு சொல். 2016 ஆகஸ்டில் வெளிவந்த கேலக்ஸி நோட் 7, மின்கலக் கோளாறால் தீப்பற்றத் தொடங்கி, செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டு, அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அது அரிதான நிகழ்வுதான். ஆனாலும் வெளியான முதல் ஐந்தாறு வாரங்களைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதில் நட்டம் ஏதுமில்லை.

உண்மையில், பலரைப் புதுப் பேசி வாங்கத் தூண்டுவது புதிய மாடலின் கவர்ச்சியைவிடப் பழைய பேசியின் தளர்ச்சிதான். லித்தியம் அயனி மின்கலம் ஒவ்வொரு மின்னேற்றச் சுற்றிலும் சிறிது தேய்கிறது. தேய்ந்த மின்கலம் உள்ள பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பின்னர் அமெரிக்க வழக்கொன்றில் 50 கோடி டாலர் வரை இழப்பீடு தர இசைந்தது. பேசி கிழடு தட்டிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் எத்தனை பேரோ! மின்கலத்தை மாற்றியிருந்தால் அவர்களுக்கு அந்தச் செலவே வந்திருக்காது. மூன்றாண்டுப் பழைய பேசியோடு வருபவரை நான் முதலில் அனுப்புவது மின்கலம் மாற்றுமிடத்துக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விஷயத்தில் சட்டத்தின் வழியை நாடியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் அறிதிறன்பேசிகளின் மின்கலம் 800 மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுத் திறனைத் தக்கவைத்திருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை முடிந்தபின் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்புகள் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு வர வேண்டும். அந்த ஐந்தாண்டு, விற்பனை முடிந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. தள்ளுபடியில் கடைசியாக வாங்குபவரும் ஏமாறாமலிருக்கும்படி கடிகாரத்தையே இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். பிரான்சில் 2021-இலேயே, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை விற்பனை இடத்தில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. நம் நாட்டில் இத்தகைய குறியீட்டுக்கான சட்டகத்தை நுகர்வோர் நலத்துறை அமைத்த குழு 2025-இல் பரிந்துரைத்திருக்கிறது.

அது நடைமுறைக்கு வரும்வரை வாங்குபவர்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியின் மீது தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதிகபட்ச சில்லறை விலையும் இருக்கும். புதுப்பிப்பு முடியும் நாள் இருக்காது. பால் பாக்கெட்டில்கூட எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தயாரித்த தேதியைப் பார்த்துப் புதிய சரக்கு என்று மகிழ்பவர்களைக் கண்டிருக்கிறேன். மூன்றாண்டுக்கு முன் அறிமுகமான மாடலையும் போன மாதம் தயாரித்திருக்க முடியும். மாடலின் பெயரைக் கொண்டு அது முதலில் வெளிவந்த மாதத்தையும், நிறுவனம் உறுதியளித்த ஆண்டுகளையும் அதன் இணையதளத்தில் பார்த்து, மிஞ்சும் ஆண்டுகளால் விலையை வகுக்க ஐந்து நிமிடம் போதும். என்னிடம் கேட்க வருபவர்களைக் கடைக்குப் போகுமுன் இதைச் செய்துவிட்டு வரச் சொல்கிறேன்.