முள் சொல்வதும் சொல்லாததும்

பயணம் புறப்படுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவை வழியுணவும் தண்ணீருமே. பாலைவழி சென்ற வணிகக் கூட்டத்தார் தோற்பையைக் கையால் தூக்கிப் பார்த்து, எஞ்சிய நீர் எத்துணை நாளைக்குப் போதும் எனக் கணித்தனர்; அடுத்த நீர்நிலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் அறிந்திருந்தனர். இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் உயிர் பிழைத்தல் அரிது.

இன்று நாம் ஏறிச் செல்லும் காருக்குப் பெட்ரோலோ டீசலோதான் வழியுணவு. அதன் இருப்பைக் கையால் தூக்கிப் பார்த்தறிய இயலாது. ஆகவே ஒரு முள், ஒரு விளக்கு, ஓர் எண் என மூவகை அறிவிப்புகளைப் பொறியாளர்கள் ஓட்டுநரின் கண்முன் அமைத்துத் தந்துள்ளனர். இம்மூன்றும் ஒரே செய்தியையே சொல்கின்றன என்று பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. முள் சொல்வது தோராயமான இருப்பு. விளக்கு சொல்வது எச்சரிக்கை. எண் சொல்வது கணிப்பு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இரவில் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் மாதத்து இரவொன்றில் தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டது. அண்டை வீட்டாரின் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு, 70 கி.மீ. தொலைவிலிருந்த நகர மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். முள், கால் பங்கிற்குச் சற்றுக் கீழே நின்றது. "முழு டேங்கிலிருந்து பாதிக்கு வர 300 கி.மீ. ஓடியது. இப்போது இருப்பதில் 120 கி.மீ. தாராளமாக ஓடும்" என்றார் காரை ஓட்டிய தம்பி. அக்கணக்கு எங்களுக்கும் சரியாகவே பட்டது. ஆயினும், நகரம் 12 கி.மீ. இருக்கும்போதே இயந்திரம் இரண்டு முறை குலுங்கி ஓய்ந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. அதன் பல்பு எப்போதோ பழுதாகியிருந்ததைப் பின்னரே அறிந்தோம்.

அவ்வழியே காய்கறி ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் முதியவரைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இறையருளால் அவர் உயிர் பிழைத்தார். எனினும், சாலையோரம் நின்ற அந்தச் சில நிமிடங்களை நாம் மறக்கவில்லை. தம்பியின் கணக்கில் எங்கே பிழை நேர்ந்தது? விடை, டேங்கின் உள்ளே இருக்கிறது.

அளவியின் உள்ளமைப்பு

எரிபொருள் டேங்கினுள் ஒரு மிதவை உண்டு. அது நீண்ட கம்பி ஒன்றின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருளின் மட்டம் ஏறினால் மிதவை ஏறும்; இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை, மின்தடைப் பட்டை ஒன்றின்மேல் உராய்ந்து நகரும். மிதவை நிற்கும் இடத்திற்கேற்ப மின்தடை கூடவோ குறையவோ செய்யும். அதற்கேற்ப மின்னோட்டமும் மாறும். அம்மாற்றமே முள்ளை நகர்த்துகிறது.

பழைய கார்கள் பலவற்றில் இம்மின்னோட்டம் ஈருலோகத் தகடொன்றைச் சூடாக்கி வளைக்கும். அவ்வளைவால் முள் நகரும். சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழாமல் மெல்ல எழுந்தமைக்குக் காரணம் இதுவே. இக்காலக் கார்களில் மிதவையின் செய்தியைச் சிறு கணிப்பொறி பெற்று, சற்று நேரத்துச் சராசரியைக் கணக்கிட்டு, அதன் பின்னரே முள்ளையோ திரையிலுள்ள கட்டங்களையோ மாற்றுகிறது. பள்ளத்தில் கார் குலுங்குந்தோறும் முள்ளும் குலுங்காதிருக்கவே இவ்வேற்பாடு.

இங்கே மூன்று உண்மைகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, மிதவை அறிவது எரிபொருளின் உயரத்தையே; கொள்ளளவை அன்று. கார் டேங்க், குடம்போல் உருண்டதும் அன்று. பெட்டிபோல் சதுரமானதும் அன்று. பின்னிருக்கைக்கு அடியில் கிடைத்த இடத்தில், புகைக்குழாய்க்கும் அச்சுக்கும் இடைவெளி விட்டு, மேடும் பள்ளமுமாக வடிக்கப்படுவது. மேற்பகுதி அகன்றும் அடிப்பகுதி குறுகியும் உள்ள டேங்கில், மேல்பாதி உயரத்தில் அடங்கும் எரிபொருள் கீழ்ப்பாதியில் அடங்குவதைவிட மிகுதி. புதிய கார்களின் கணிப்பொறி இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் சரிசெய்துகொள்கிறது. பழைய கார்களின் முள் அவ்வாறு செய்வதில்லை.

இரண்டாவது, டேங்க் நிரம்பும்போது மிதவை தன் எல்லையின் உச்சியை முட்டி நின்றுவிடும். அதற்கு மேலும் எரிபொருள் ஏறினால் முள் அதனை அறியாது. ஆகவேதான், டேங்கை நிரப்பிய பின் வெகுதொலைவு ஓடியும் முள் அசையாதிருக்கிறது. 'வண்டி எண்ணெயே குடிக்கவில்லை' என்று நாம் மகிழ்வது அப்போதுதான். அந்த இலவசக் கிலோமீட்டர்களுக்கான விலையைக் கீழ்ப்பாதியில் செலுத்துகிறோம். தம்பியின் கணக்கு பிழைத்ததற்குக் காரணம் இவ்விரண்டுமே.

மூன்றாவது, சரிவில் நிற்கும் காரில் எரிபொருள் ஒருபுறம் ஒதுங்கும். மிதவை இருக்கும் பக்கம் தாழ்ந்திருந்தால் முள் மிகுத்துக் காட்டும். உயர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும். சமதரையில் பார்த்த அளவே நம்பத்தக்கது.

அளவியைச் சார்ந்த சிறு குறிப்பொன்றையும் இங்கே சொல்லிச் செல்வோம். பல கார்களில் பெட்ரோல் பம்பின் சின்னத்தருகே ஓர் அம்புக்குறி காணப்படும். டேங்கின் மூடி காரின் எப்பக்கம் உள்ளது என்பதை அது காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் மொய்லன் என்பார், மழை நாளொன்றில் பம்பின் தவறான பக்கத்தில் காரை நிறுத்தி நனைந்த பின், 1986-இல் இக்கருத்தை எழுதித் தந்தார். சிறு தொல்லையும் சிந்திப்பவனுக்கு ஆசானாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

விளக்கும் 'ரிசர்வ்' என்னும் மயக்கமும்

விளக்கு எரிந்தால், "ரிசர்வில் ஓடுகிறது" என்கிறோம். இச்சொல் இருசக்கர வண்டியிலிருந்து வந்தது. பழைய ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்ரோல் குழாய்த் திருகில் 'ரிசர்வ்' என்றொரு நிலை உண்டு. டேங்கினுள் எரிபொருளை எடுக்கும் வாய்கள் இரண்டு, வெவ்வேறு உயரத்தில் அமைந்திருக்கும். உயர்ந்த வாய்க்கு எட்டாமற்போனதும் வண்டி நிற்கும். திருகைத் திருப்பினால் தாழ்ந்த வாய் வழியே எஞ்சியது வரும். ஜெர்மானிய வோக்ஸ்வாகன் வண்டுக் காரிலும் 1960-களின் தொடக்கம் வரை எரிபொருள் முள் இல்லை. இத்தகைய திருகே இருந்தது.

இன்றைய காரில் அத்தகைய தனிச் சேமிப்பு ஏதும் இல்லை. இருப்பது ஒரே டேங்க். எஞ்சியிருப்பது அதன் அடிமட்டம். விளக்கு ஓர் அறிவிப்பேயன்றிப் புதையல் அன்று. பழைய கார்கள் சிலவற்றில் வெப்பத்தால் மின்தடை குறையும் சிறு உறுப்பொன்று டேங்கின் அடிப்பகுதியில் வைக்கப்பட்டது. எரிபொருளில் மூழ்கியுள்ளவரை அது குளிர்ந்திருக்கும். வெளிப்பட்டதும் சூடேறி விளக்கை எரியச் செய்யும். இக்காலக் கார்களில் கணிப்பொறியே அவ்வேலையைச் செய்கிறது. விளக்கு எரியும்போது எஞ்சியிருக்கும் அளவு காருக்குக் கார் மாறும். காருடன் தரப்படும் கையேட்டில் அதனைக் காணலாம்.

விளக்கு எரிந்த பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பதில் வேறொரு கேடும் உண்டு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருளை இயந்திரத்திற்கு அனுப்பும் மின்பம்பு டேங்கினுள்ளேயே இருக்கிறது. அதனைக் குளிர்விப்பது சுற்றியுள்ள பெட்ரோலே. டேங்கை அடிக்கடி வற்றவிட்டால் பம்பு சூடேறித் தேயும். டீசல் கார் வற்றினாலோ குழாய்களில் காற்றுப் புகும். பின்னர் எரிபொருள் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாதவரை இயந்திரம் இயங்க மறுப்பதுண்டு. நூறு ரூபாய்ச் சோம்பல் ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது இவ்வாறுதான்.

எண் ஒரு வாக்குறுதி அன்று

'இன்னும் 90 கி.மீ. ஓடும்' என்று காட்டும் எண்ணையே இளைஞர்கள் பெரிதும் நம்புகின்றனர். அதன் கணக்கு எளியது. எஞ்சிய எரிபொருளை, ஒரு லிட்டருக்கு அண்மையில் ஓடிய தொலைவால் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். 6 லிட்டர் எஞ்சியிருக்க, லிட்டருக்கு 15 கி.மீ. ஓடியிருந்தால் விடை 90. ஆனால் அந்த 15 என்பது கடந்து வந்த சாலையின் கணக்கு. கடக்கவிருக்கும் சாலையின் கணக்கன்று. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய கார், நகர நெரிசலில் குளிர்சாதனத்தை இயக்கியவாறு ஊர்ந்து லிட்டருக்கு 10 கி.மீ. மட்டுமே கொடுத்தால், அதே 6 லிட்டர் 60 கி.மீ.க்கே போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். ஏறத்தாழ 50 கி.மீ. வழியே, ஆனால் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்திற்குக் கார் ஏறியாக வேண்டும். ஏறுகையில், ஓடிய தொலைவைவிட வேகமாக எண் குறையும். இறங்குகையில், எரிபொருள் ஊற்றாமலேயே எண் கூடுவதும் உண்டு. டேங்கில் பெட்ரோல் சுரக்கவில்லை. கணக்கின் சராசரிதான் மாறியது. இன்று பெருகிவரும் மின்கலக் கார்களுக்கும் இவ்விதி பொருந்தும். அங்கே லிட்டருக்குப் பதிலாக மின்னேற்றத்தின் விழுக்காடு. மற்றபடி கணிப்பின் இயல்பு ஒன்றே.

அளவும் அலகும்

கணக்கு பிழைத்தால் என்னாகும் என்பதற்கு வானூர்தி வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் அளவிகள் இயங்கவில்லை. ஆகவே, டேங்கில் இருந்ததை அளவுகோலால் அளந்து கணக்கிட்டனர். வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோகிராமுக்குரிய 0.8 என்ற எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். தேவையில் பாதியும் இல்லாமல் விமானம் எழுந்தது. 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீரலாயிற்று. சற்று நேரத்தில் இரு இயந்திரங்களும் ஓய்ந்தன. தலைமை விமானி ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் அதனை மிதக்கவிட்டே கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய வான்படைத் தளத்தில் இறக்கினர். 61 பயணிகளும் 8 பணியாளர்களும் உயிர் தப்பினர். விமானிகளின் திறமை போற்றற்குரியது; அத்திறமைக்குத் தேவை நேர்ந்ததுதான் வருந்துதற்குரியது.

நாம் செய்யத்தக்கவை

நம் காரின் இயல்பை நாமே அறிந்துகொள்ள எளிய வழி உண்டு. பம்பு தானே நிற்கும்வரை டேங்கை நிரப்பி, பயணத் தொலைவு காட்டும் மீட்டரைச் சுழியாக்குக. பல நாள் ஓட்டிய பின் மீண்டும் அவ்வாறே நிரப்புக. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மையான கணக்கு கிட்டும். விளக்கு எரிந்தவுடன் பங்க்கிற்குச் சென்று நிரப்பினால் மற்றொன்றும் தெரியவரும். கையேட்டின்படி டேங்கின் கொள்ளளவு 42 லிட்டராகவும், ஊற்றியது 36 லிட்டராகவும் இருப்பின், விளக்கு எரிந்தபோது ஏறத்தாழ 6 லிட்டர் எஞ்சியிருந்தது என்பது தெளிவு.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணையும். எரிபொருள் விளக்கும் அவற்றுள் ஒன்றாயின், அது எரிகிறதா என்று நாள்தோறும் நோக்குக. அவ்விரவில் நாங்கள் நோக்கத் தவறியது அதனையே. எல்லாவற்றுக்கும் மேலாக, கால் பங்கையே வெறுமையெனக் கொள்ளும் பழக்கம் நன்று. நோயாளியும் கருவுற்ற பெண்ணும் உள்ள வீடுகளில் இஃது ஒழுக்கமாகவே ஆதல் வேண்டும். நள்ளிரவில் எல்லாச் சாலைகளிலும் பங்க் திறந்திருப்பதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்பால் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் எனும் கருத்தமைந்த நபிமொழியை நம் சமுதாயம் நன்கறியும். தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுதல் அன்று; முயற்சியின் முடிவை இறைவனிடம் விடுதல். முள்ளைப் பார்த்தும், விளக்கைச் சோதித்தும், எண்ணை எடைபோட்டும் வேண்டிய எரிபொருளை நிரப்பிக்கொள்வது நம் கடமை. அதன் பின் 'பிஸ்மில்லாஹ்' கூறிப் புறப்படுவோம்.